புழுங்கல் அரிசிக்கு வந்த வரி

அரிசி ஏற்றுமதி என்றால் பலருக்கும் பாசுமதிதான் நினைவுக்கு வரும். எனக்கு நம் புழுங்கல் அரிசி. தூத்துக்குடியில் அரிசிச் சரக்குக்குச் சுங்க ஆவணங்கள் தயாரிப்பது என் தொழில். நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்து அரைக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பங்கு மணிக்குள் இறங்கிவிடுகிறது. மணி இறுகுவதால் குருணையும் குறைகிறது. மலேசியாவில் இட்லிக்கு ஊறுவதும் இதுதான், மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினுக்குக் கப்பல் கப்பலாகப் போவதும் இதுதான்.

உலகச் சந்தைக்கு வரும் அரிசியில் ஏறக்குறைய 40 விழுக்காடு இந்தியாவுடையது. ஆகவே டெல்லியில் ஓர் அறிவிக்கை வந்தால் பாங்காக்கில் விலை ஏறும். 2023 ஜூலை 20 அன்று, உள்நாட்டு விலையேற்றத்தைக் காட்டி, பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. புழுங்கலுக்குத் தடை இல்லை. வெளிநாட்டு வியாபாரிகள் அதன் பக்கம் திரும்பினார்கள். ஆகஸ்ட் 25, வெள்ளிக்கிழமை, அதற்கும் 20 விழுக்காடு வரி விழுந்தது.

அன்றிரவு எங்கள் தொலைபேசி ஓயவில்லை. துறைமுகத்துக்கு வந்துவிட்ட சரக்குக்கு, பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி எழுதித்தரும் எல்.சி. என்ற உறுதிக் கடிதம் அந்தத் தேதிக்கு முன்பே கைவசம் இருந்தால் விலக்கு இருந்தது. இரண்டு வியாபாரிகளின் பெட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. எல்.சி. வைத்திருந்தவர் வரியில்லாமல் அனுப்பினார். மற்றவர் பினாங்கில் தன்னிடம் வாங்குபவரோடு பல வருடப் பழக்கத்தில், வாய்ப்பேச்சை நம்பியே சரக்கு அனுப்பி வந்தவர். வரியை அவரே கட்டினார். பேசிய விலையை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை.

ஊர்ச் சந்தையில் விலை ஏறும்போது அரசு கைகட்டி நிற்க முடியாது, அதை நான் மறுக்கவில்லை. அந்த ஆகஸ்டில் மழையும் பொய்த்தது. என் ஆதங்கமெல்லாம் அவகாசம் தராததில்தான். ஒரே இரவில் வரும் உத்தரவால் வாங்குபவர் தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் போகிறார். போனவரைத் திருப்பிக் கொண்டுவருவது லேசல்ல.

புழுங்கல் மீதான வரி 2024 அக்டோபரில் முழுதாக நீங்கியது. அடுத்த முறை வரி போட நேர்ந்தால், கப்பலேறக் காத்திருக்கும் மூட்டைகளுக்காவது ஒரு மாதத் தவணை கிடைக்கட்டும்.