எல்-1 ஆனவரின் கணக்கு



ஆட்டக் கோட்பாடு என்றதும் உங்களில் பலருக்கு இரண்டு கைதிகளும் நான்கு கட்டங்களும் நினைவுக்கு வரும். தேர்வுக்கு அது போதும். டெண்டர் போடும் மேசைக்கு வேறொன்று தேவைப்படும்.

1971-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் ரிச்ஃபீல்டு நிறுவனப் பொறியாளர்கள் மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமையை ஏலத்தில் வென்ற நிறுவனங்களுக்கு ஏன் எதிர்பார்த்த லாபம் வரவில்லை? கடலுக்கடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஆளாளுக்கு ஒரு கணக்கு. மூடிய உறையைப் பிரித்தால், மிகையாகக் கணக்குப் போட்டவருக்கே எண்ணெய் வயல் போய்ச் சேர்கிறது. ‘வென்றவரின் சாபம்’ என்கிறார்கள் இதை.

நம் ஊர் டெண்டரில் இதுவே தலைகீழாக நடக்கும். பத்து ஒப்பந்ததாரர்கள் விலை போட்டதில் எல்-1 ஆக, அதாவது மிகக் குறைந்த விலை போட்டவராக, வந்தவர் பல நேரம் கம்பி விலையையோ மண் வெட்டும் கூலியையோ குறைத்துப் போட்டவராக இருப்பார். வேலை உத்தரவு வந்த அன்று மாலை மரியாதை. பாலம் பாதியில் நிற்கும்போதுதான் கணக்கைத் திரும்பப் பார்ப்பார்.

அந்தப் பொறியாளர்கள் மூவரும் சொன்ன யோசனை விசித்திரமானது: போட்டியாளர்கள் கூடினால், நீங்கள் கேட்கும் விலையைக் குறையுங்கள். நமக்கோ பத்துப் பேர் கேட்டால் ஏற்றிக் கேட்கத்தான் கை துறுதுறுக்கும். ஆனால் பத்துப் பேர் கணக்கையும் நம் கணக்கு மிஞ்சுகிறதென்றால், பிழை நம்மிடம் இருக்கவே வாய்ப்பு அதிகம். இதைக் கணிதமாக்கிக் காட்டிய ராபர்ட் வில்சன், பால் மில்குரோமுடன் சேர்ந்து 2020-இல் நோபல் பெற்றார்.

இந்தியாவின் 3ஜி அலைக்கற்றை ஏலத்தைப் பாருங்கள். 2010-இல் 34 நாள், 183 சுற்று. அகில இந்திய விலை 3,500 கோடியில் தொடங்கி 16,750 கோடியைத் தாண்டியது. அரசுக்குக் கொண்டாட்டம். வாங்கியவர்களின் கடன் பேரேடு வேறு கதை சொல்லும். 2012-இல் 2ஜி அலைக்கற்றையை அரசு உயர்ந்த அடிப்படை விலையோடு ஏலத்துக்கு வைத்தபோது, டெல்லிக்கும் மும்பைக்கும் ஒருவர்கூட விலை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு காய்நகர்த்தல்தான், எம்.பி.ஏ. வகுப்பில் அதற்கு மதிப்பெண் தருகிறார்களா, தெரியாது!

அப்படி விலகி நிற்பதில் சிக்கல் அலுவலகத்தில்தான். டெண்டரை வென்றவருக்குக் கைதட்டல், விட்டவருக்கு விளக்கக் கடிதம். ஆகவே ஏலத்துக்கு முந்தின நாளே உச்ச விலையைக் கோப்பில் எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஏலம் சூடு பிடித்த பிறகு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.