பிள்ளைக்காம்பராவுக்குப் பழக்கும் இரண்டு வாரம்

(மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், கிலோ, வீடு, காணி என்று பேசிப் பழகிய மேடை இது. இன்றைக்கு ஒன்றரை வயது, இரண்டு வயதுப் பிள்ளையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது பொம்பளைகள் பீலிக்கரையில் பேசிக்கொள்கிற விஷயம், இதில் சங்கத்துக்கு என்ன வேலை என்று பின்னால் நிற்கிற அண்ணன்மார் சிலர் நினைக்கலாம். காலையில் பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நின்று பாருங்கள். பிள்ளை தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்துகிறது. பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. பிந்திப் போனால் கங்காணியின் வாயில் விழ வேண்டும். எட்டத்து மலை என்றால் ஏறிப் போய்ச் சேரவே பாதி நேரம் போய்விடும். கிலோ குறைந்தால் அரைப்பேர். அந்த வாசலில் அழுகிறது பிள்ளை மட்டும் இல்லை, தாயும்தான். ஆகவே இதுவும் சம்பளப் பிரச்சினைதான்.

இந்தத் தொல்லைக்கு நம் லயங்களில் ஒரு வழி வைத்திருக்கிறோம். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வழி. மூத்த பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பாமல் நிறுத்தி, சின்னதைப் பார்க்க வைப்பது. "நாலு நாளைக்குத்தானே" என்று தொடங்குவோம். அந்த நாலு நாள் ஒரு தவணையாகிவிடும். நிறுத்தப்படுவது பெரும்பாலும் பெண் பிள்ளைதான். ஐந்து வயதிலிருந்து பதினாறு வயது வரை கட்டாயக் கல்வி என்று நாட்டில் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அடுப்பில் கொதிக்கிற தண்ணீரையும், பீலிக்கரை வழுக்கலையும், ஓடித் திரிகிற தம்பியையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியுமா? சின்னது பிள்ளைக்காம்பராவில் பழகிவிட்டால், பெரியது ஸ்கூலில் இருக்கும். நான் இன்றைக்குப் பேசுவதற்கு முதல் காரணமே இதுதான்.

பிரசவ லீவு 84 நாள். அது முடிந்ததும் சிலர் கைக்குழந்தையையே பிள்ளைக்காம்பராவில் விடுகிறோம். பலருக்கு வீட்டில் அம்மாயியோ அப்பாயியோ இருக்கிறார்கள், ஒன்றரை, இரண்டு வயது வரை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பிறகு கிழவிக்கு முழங்கால் வலி வரும், கண் மங்கும், அல்லது இன்னொரு மகளுக்குப் பேறுகாலம் வரும். அப்போதுதான் இந்தப் பிள்ளையைத் திடீரென்று கொண்டுபோய் விடுகிறோம். அழுகை இங்கேதான் அதிகம். மூன்று மாதக் குழந்தை யார் மடி சூடாக இருந்தாலும் தூங்கிவிடும். எட்டு மாதத்துக்கு மேல்தான் அதற்குத் தன் ஆள் யார், பிற ஆள் யார் என்று தெரியத் தொடங்கும். அதிலிருந்து ஒன்றரை, இரண்டு வயது வரை பிரிவுப் பயம் கடுமையாக இருக்கும். அதைக் கெட்ட பழக்கம் என்றோ, செல்லம் கொடுத்துக் கெடுத்ததால் வந்தது என்றோ சொல்லாதீர்கள். மூளை வளர்கிறது, அதனால் தாயைத் தேடுகிறது.

அந்த வயதுப் பிள்ளைக்கு நாலு மணி என்றால் என்னவென்று தெரியாது. "சாயங்காலம் வருவேன்" என்றால் அதற்கு ஒன்றும் விளங்காது. ஆனால் எது முதலில், எது பிறகு என்கிற வரிசை நன்றாக விளங்கும். "பால் குடிப்ப, விளையாடுவ, சோறு சாப்பிடுவ, தூங்குவ, எந்திரிப்ப, அப்புறம் அம்மா கூடையோட வந்துருவேன்." இதைத் தினமும் ஒரே மாதிரி, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். பத்து நாளில் அது உங்களுக்குத் திருப்பிச் சொல்லும்.

பழக்குவதற்கு இரண்டு வாரம் வேண்டும். முதல் நாள் தாயோ தகப்பனோ கூடவே போய் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்துவிட்டு, கையோடு கூட்டிக்கொண்டு வர வேண்டும். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் கூடப் போய், பிள்ளை விளையாடத் தொடங்கியதும் சொல்லிவிட்டு வெளியே வந்து, அரை மணியில் திரும்பப் போங்கள். பிறகு பகல் சாப்பாடு வரை விடலாம். அதற்குப் பிறகு பகல் தூக்கம். தூக்கம் பழகிவிட்டால் முழு நாளும் இருந்துவிடும். பிள்ளைக்குப் பிள்ளை இது மாறும். சிலது மூன்றாம் நாளே "நீ போ" என்றுவிடும், சிலதுக்கு மாதமாகும்.

"இரண்டு வாரம் வேலைக்குப் போகாமல் இருந்தால் அடுப்பு எரியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஞாயிற்றுக்கிழமையும் போயாவும் பிள்ளைக்காம்பரா பூட்டு. அதனால் வேலை நாளில்தான் பழக்க வேண்டும். கொழுந்து குறைந்து வேலை நாள் குறைகிற வறட்சிக் காலத்தில் தொடங்குவது ஒரு வழி. கொழுந்து கொட்டுகிற மாதத்தில் தொடங்கினால் உங்களுக்கும் கஷ்டம், பிள்ளைக்கும் கஷ்டம். கிழவியின் முழங்கால் முற்றாக விழும் வரை காத்திருக்காமல், அவர் நடமாடும்போதே அவரையே கூட அனுப்பிப் பழக்கலாம். இன்னொரு வழி இந்த மண்டபத்தின் பின்வரிசையில் நிற்கிறது. அண்ணன்மாரே, கவ்வாத்துக்கோ முள்ளுக் குத்தவோ போகிற நீங்கள் கணக்கு வேலையை முடித்துவிட்டுப் பகல் ஒரு மணி, இரண்டு மணிக்கெல்லாம் லயத்துக்கு வந்துவிடுகிறீர்கள். பெண்கள் பின்னேரக் கொழுந்து நிறுத்துவிட்டு இறங்கும்போது நாலரை, ஐந்து. முதல் இரண்டு வாரமும் பகல் சாப்பாட்டோடு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிற வேலையை நீங்கள் எடுத்தால், ஒரு பேரும் விழாது. (பின்வரிசையில் சிரிப்பு.) சிரிக்க வேண்டாம், உண்மையாகத்தான் கேட்கிறேன்.

இப்போது வீட்டில் செய்ய வேண்டியவை. பிள்ளைக்காம்பராவில் சோறு எத்தனை மணிக்கு, தூக்கம் எத்தனை மணிக்கு என்று முதலில் ஆயாவிடம் கேட்டு, வீட்டிலும் அந்த நேரத்துக்கே மாற்றுங்கள். சேலைத் தொட்டிலில் மட்டுமே தூங்கிப் பழகிய பிள்ளைக்குப் பாயில் தூக்கம் வராது. ஒரு காலத்தில் பிள்ளைக்காம்பரா என்றால் வரிசையாகச் சேலைத் தொட்டில், அதை ஆட்ட ஒரு வயதான ஆயா. இன்றைக்கு நடக்கிற பிள்ளைகளைப் பாயிலோ மெத்தையிலோதான் படுக்க வைக்கிறார்கள். ஆகவே பகலில் ஒரு தடவையாவது பாயில் படுக்க வைத்துத் தட்டிக் கொடுத்துப் பழக்குங்கள். நீங்கள் உடுத்திய பழைய சேலைத் துண்டு ஒன்றைக் கொடுத்து அனுப்புங்கள். துவைத்தது வேண்டாம், உங்கள் வாசனை அதில் இருக்க வேண்டும். எந்தக் கடைப் பொம்மையும் அந்தத் துண்டுக்கு ஈடாகாது.

சூப்பிப் போத்தலை விட்டுக் கப்பில் குடிக்கப் பழக்குங்கள். தன் கையால் அள்ளித் தின்ன விடுங்கள், பாதி கீழே சிந்தட்டும். பருப்பு, கீரை, கிழங்கு எல்லாம் வீட்டிலேயே நாக்குக்குப் பழகியிருக்க வேண்டும். ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்தே வளர்க்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. தேயிலைத் தோட்டத்தில் நின்று இதைச் சொல்வது வேடிக்கைதான், ஆனாலும் சொல்கிறேன். சின்னப் பிள்ளைக்குத் தேத்தண்ணி வேண்டாம். சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாமல் அது தடுக்கும். தாய்ப்பாலை மறக்கடிக்கத் தேவையில்லை. இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம். காலையிலும், வந்த பிறகும், இரவிலும் கொடுங்கள்.

மாற்று உடுப்பு மூன்று, சுவெட்டர், தொப்பி. எல்லாவற்றிலும் ஒரே நிற நூலால் ஓர் அடையாளம் தைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வீட்டுச் சுவெட்டர் மேல் லயத்தில் காயும். கிளினிக் கார்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒன்றரை வயதுத் தடுப்பூசி போடுகிற வாரத்தில் பிள்ளைக்காம்பராவைத் தொடங்க வேண்டாம். ஊசிக் காய்ச்சல் வந்தால், பிள்ளை அந்த நோவையும் புது இடத்தையும் ஒன்றாகச் சேர்த்து நினைத்துக்கொள்ளும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. "அடம் பண்ணினா பிள்ளைக்காம்பராவுல விட்டுருவேன்", "ஆயா சூடு போடுவாங்க" என்று மிரட்டுகிறோம். அப்படி மிரட்டிவிட்டு, மறுவாரம் அதே இடத்தில் கொண்டுபோய் விட்டால் பிள்ளை என்ன நினைக்கும்? தண்டனை என்றுதான் நினைக்கும். நன்றாகத் தூங்கட்டும் என்று தடிமன் பாணி மருந்து கொடுத்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஆபத்து, எக்காரணத்துக்கும் செய்யாதீர்கள்.

மற்றது, சொல்லாமல் நழுவுவது. நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வது இதுதான். பிள்ளை பொம்மையைப் பார்க்கிற நேரம் பார்த்துப் பின்வாசலால் போய்விடுகிறோம். அன்றைக்கு அழுகை கொஞ்சம் குறையலாம். ஆனால் அம்மா எந்த நேரமும் காணாமல் போவாள் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். அன்று இரவிலிருந்து நீங்கள் பீலிக்குத் தண்ணி எடுக்கப் போனாலும் சேலையைப் பிடித்துக்கொண்டே வரும். ஆகவே சொல்லிவிட்டுப் போங்கள். முத்தம் கொடுத்து, "தூங்கி எந்திரிச்சதும் அம்மா வருவேன்" என்று சொல்லி, ஆயாவின் கையில் கொடுத்துவிட்டு நடந்துவிடுங்கள். ஐந்து தடவை திரும்பிப் போய்த் தூக்க வேண்டாம். நீங்கள் மேல் றோட்டுக்குப் போவதற்குள் பெரும்பாலான பிள்ளைகள் அழுகையை நிறுத்திவிடும். வழியெல்லாம் அழுதுகொண்டு போவது நாம்தான்.

வருவேன் என்று சொன்ன வரிசைப்படி வரவும் வேண்டும். கொழுந்து நிறுத்ததும் நேரே பிள்ளைக்காம்பராவுக்குப் போங்கள். கடையும் பீலியும் பிறகு.

முதல் வாரம் அழாமல் போன பிள்ளை இரண்டாம் வாரம் அழுதால் பயப்பட வேண்டாம். இது தினமும் நடக்கப் போகிறது என்று அதற்கு அப்போதுதான் விளங்குகிறது. திங்கட்கிழமைகளில் அழுகை கூடும். நின்றிருந்த படுக்கை நனைப்பு திரும்ப வரலாம், இரவில் திடுக்கிட்டு எழும்பலாம். இதெல்லாம் சில வாரத்தில் அடங்கும். அதற்கு அடிக்காதீர்கள். தாய் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை என்றால், ஒரு தடவை பிரிந்த அனுபவம் அதற்கு ஏற்கெனவே உண்டு. பார்த்துக்கொள்கிறவர்கள் இன்னும் மெதுவாகப் பழக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்தும் நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால், உடம்பில் காயம் தெரிந்தால், குறிப்பிட்ட ஓர் ஆளைக் கண்டு மட்டும் நடுங்கினால், அது வேறு விஷயம். முதலில் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் பேசுங்கள். பதில் திருப்தி இல்லாவிட்டால் தலைவரிடம் வாருங்கள், தனியாகச் சண்டைக்குப் போக வேண்டாம். நல்ல ஆயாமார் நிறையப் பேர் இருக்கிறார்கள். கைக்குழந்தையும் ஓடுகிற பிள்ளையுமாக ஒரே ஆள் பார்க்க வேண்டியிருந்தால், அந்த ஆளின் மேல் மட்டும் கோபப்பட்டுப் பிரயோசனம் இல்லை. ஆள் போதாது என்று நிர்வாகத்திடம்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக, சங்கம் கேட்க வேண்டியவை. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு, ஒன்பது மணித்தியால வேலைக்குள் இரண்டு தடவை இடைவேளை கொடுக்க வேண்டும். பிள்ளைக்காம்பரா இருந்தால் தலா அரை மணி, இல்லாவிட்டால் தலா ஒரு மணி. சாப்பாட்டு நேரம் இதில் சேராது. இது துரை தருகிற சலுகை இல்லை. எட்டத்து மலையில் கொழுந்து எடுக்கிற தாய் அரை மணியில் போய்வர முடியாது என்பதால், பால் கொடுக்கும் தாய்மாருக்குக் கிட்டத்து மலையில் பேர் போடச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இந்தச் சட்டம் உதவாது. அங்கே பேசித்தான் வாங்க வேண்டும். நாம் கேட்கப் போவது இரண்டு. ஒன்று, பிள்ளைக்காம்பரா பெரட்டுக்கு முன்பே திறக்க வேண்டும். றப்பர் தோட்டங்களில் விடியும்போதே பால் வெட்டப் போகிறார்கள், அந்த நேரத்தில் பிள்ளையை யாரிடம் விடுவது? அங்கே திறக்கும் நேரம் வெட்டுக்குப் போகும் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். மற்றது, பிள்ளையைப் புதிதாக விடுகிற தாய்க்கு முதல் ஆறு வேலை நாளும் ஒரு மணித்தியாலம் பிந்தி வர அனுமதி, பேர் வெட்டாமல். ஒரு தாய்க்கு ஆறு மணித்தியாலம். அதனால் எந்தக் கம்பனியும் நட்டப்பட்டுப் போகாது.

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருந்து, உங்கள் டிவிஷனில் பெரட்டு எத்தனை மணிக்கு, பிள்ளைக்காம்பரா எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆயா என்று மாதர் சங்கத் தலைவியிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஆபிசுக்குக் கொடுக்கும் கடிதத்தில் அந்த விபரம் இருக்க வேண்டும்.