கேட்டால்தான் கதவு திறக்கும்

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் சொன்னார்: "பட்டாளத்துக்கு மனுப்போட்ட பிள்ளைக்கு ஆள்சேர்ப்பு அலுவலகம் பதில் சொல்லலைன்னா, பெத்தவங்க பொறுத்திருக்கணும்!"

பொறுக்கலாம். ஆனா அந்த மௌனத்துக்குள்ளேதானே அய்யா புரோக்கர் நுழையறான்? "ரெண்டு லட்சம் கொடுங்க, கர்னல் நம்மாளு" என்பான். அம்மா தாலிக்கொடியைக் கழற்றுவாள். எதற்கு? 2022-இல் வந்த அக்னிபத் திட்டப்படி 4 ஆண்டு வேலைக்கு! பரீட்சை கணினியில், ஓட்டம் மைதானத்தில். புரோக்கரா வந்து ஓடப்போறான்? ஓடுவான், உங்க பணத்தோட!

அந்தத் தாய்க்குச் சொல்கிறேன்: 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிள்ளை பெயரிலேயே, 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

உயிரைக் கொடுக்க வருகிறவனுக்கு ஒரு பதிலைக் கொடுக்கக் கூடாதா? பொறுமை வாசலில் நிற்கும். கேள்விதான் கதவைத் திறக்கும்!