உறங்கும் வைரஸும் ஒரு சிறு கணக்கும்



எங்கள் ரிஷிவந்தியம் பக்கத்தில் முதியவர் ஒருவருக்கு விலாப்புறத்தில் கொப்புளங்கள் பட்டையாகக் கிளம்பினால் அதனை அக்கி என்பர். குயவர் காவியைக் குழைத்து அதன்மேல் எழுதுவதும் உண்டு. எழுதினால் நோய் தீருமா என்பது இருக்கட்டும். அம்முதியவர் இளமையில் சின்னம்மை கண்டவர். அம்மை இறங்கிய பின்னும் அதன் வைரஸ் உடலை விட்டு அகலவில்லை; நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, இப்பொழுது விழித்துக்கொண்டது. ஹோப்-சிம்சன் என்னும் ஆங்கில மருத்துவர் 1965இல் இக்கருத்தை விரித்துரைத்தார்.

உறங்குவதா, விழிப்பதா என்பதை எது முடிவு செய்கிறது? இங்கேதான் கணிதம் நுழைகிறது. எச்.ஐ.வி. வைரஸை எடுத்துக்கொள்வோம். அது நம் நாட்டில் இருப்பதை 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் முதன்முதலாகக் கண்டறிந்தனர். இவ்வைரஸ் நம் வெள்ளணுவின் மரபிழையிலேயே தன்னைப் பொருத்திக்கொள்கிறது. அங்கே அது 'டாட்' என்னும் புரதத்தை உண்டாக்குகிறது. அப்புரதமோ தன் உற்பத்தியைத் தானே பெருக்கும். வட்டி குட்டி போடுவதைப் போல என்று கொள்ளுங்கள். ஆனால் தொடக்கத்தில் மூலக்கூறுகள் மிகச் சில. அவற்றுள் ஒன்றிரண்டு கூடுவதும் குறைவதும் தற்செயல். ஆகவே ஒரே வகையான இரண்டு உயிரணுக்களில் ஒன்றில் வைரஸ் பெருகலாம், மற்றொன்றில் அடங்கிவிடலாம். 2005இல் வைன்பெர்கரும் உடனுழைத்தோரும் நிகழ்தகவுக் கணிதத்தாலும் சோதனையாலும் இதனைக் காட்டினர்.

மருந்துகள் பெருகும் வைரஸைத் தடுக்கும், உறங்குவதைத் தொடா. மருந்துண்பவர் உடலில் உறங்கும் வைரஸைத் தாங்கிய அணுக்கள் பாதியாகக் குறைய ஏறத்தாழ 44 மாதங்கள் ஆகும் என்று 2003இல் சிலிசியானோ குழுவினர் அளந்தனர். அத்தகைய அணுக்கள் 10 லட்சம் இருப்பதாகக் கொண்டு, ஒன்றே ஒன்று எஞ்சும்வரை பாதி பாதியாகக் குறைத்துப் பாருங்கள். 2இன் 20ஆம் அடுக்கு 10,48,576 அல்லவா? எனவே 20 முறை பாதியாக வேண்டும். 20ஐ 44ஆல் பெருக்கினால் 880 மாதங்கள். அதாவது 73 ஆண்டுகளுக்கு மேல்! பத்தாம் வகுப்புக் கணக்குதான். ஆயினும் மருந்தை ஏன் வாழ்நாள் முழுதும் விடாது உண்ண வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக உரைக்க எனக்குத் தெரியாது.

உறங்குவதை வேண்டுமென்றே எழுப்பி, பின் அழிக்கலாம் என்று ஆய்வாளர் முயல்கின்றனர். எளிதன்று, ஏனெனில் இவ்வணுக்கள் உறக்கத்திலேயே இரண்டாகப் பிரிந்து பெருகவும் செய்கின்றன. 44 என்னும் எண் அழிவுக்கும் அப்பெருக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டால் விளைந்ததே. அழிவை விரைவாக்கி அதனை 22 ஆக்கினால் எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.