எமக்குப் பின் யார் துணை?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



விசேட தேவையுடைய பிள்ளை வாழும் வீட்டிலே பெற்றோரின் நெஞ்சை இரவும் பகலும் அரிக்கும் கேள்வி ஒன்றுண்டு. “நாங்கள் கண் மூடிய பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள்?” என்பதே அது. கோயிலிலே இறைவனிடம் முறையிடும் அவர்கள், சட்டத்தரணியிடமோ உற்றாரிடமோ இதனை வாய்விட்டுக் கேட்பது அரிது. ஆதலால் இன்று இச்சபையிலே நாம் அதனை எடுத்துப் பேச விரும்புகிறோம்.

நமது நாட்டில் பராயமடையும் வயது, 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தினால், 21 இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. பிள்ளைக்கு 18 வயது நிரம்பியதும் பெற்றோரின் சட்ட அதிகாரம் முடிவடைகின்றது. பிள்ளையின் அறிவு நிலை எதுவாயினும் விதி ஒன்றே. அதன் பின்னர் பிள்ளையின் பெயரிலுள்ள பணத்தை எடுப்பதற்கோ, காணி உறுதியிலே அவனுக்காக ஒப்பமிடுவதற்கோ, பெற்றவர் என்ற உறவு மாத்திரம் போதாது.

அற்றோணித் தத்துவம் ஒன்றை எழுதுவித்தாற் போதும் என்று சிலர் எண்ணுவர். கொடுப்பவர் தாம் கொடுப்பது இன்னதென்று விளங்கிக் கொடுத்தாலே அது செல்லும். விளங்கும் ஆற்றல் இல்லாத பிள்ளைக்கு இவ்வழி அடைபட்டதாகும்.

அத்தகையோர்க்கு வழி காட்டுவது 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. உறவினர் ஒருவர் மாவட்ட நீதிமன்றத்திலே விண்ணப்பிக்கலாம். நீதிமன்றம் விசாரித்து, ஆளைப் பேணுதற்குப் பாதுகாவலரையும், ஆதனத்தைப் பராமரித்தற்கு முகாமையாளரையும் நியமிக்கும். முகாமையாளர் நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். அதன் அனுமதியின்றிக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ இயலாது.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று கேட்கலாம். தந்தை சாசனம் எழுதாமலே இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காணியிற் பங்கு அந்தப் பிள்ளைக்கும் உண்டு. எட்டாம் நாட் கிரியை முடியுமுன்னரே ஒருவர் கடதாசியுடன் வந்து அவன் பெருவிரலைப் பிடித்து அடையாளம் வைப்பிக்கிறார். விளங்காமல் வைத்த கைரேகை சட்டத்தின் முன் நில்லாதுதான். ஆனால், அவனுக்காக வழக்காட யார் முன்வருவார்? பங்கு போகும், பின்பு அவன் இருந்த அறையும் போகும்.

ஆகவே, பெற்றோர் உயிரோடிருக்கும்போதே ஆவன செய்தல் வேண்டும். மரண சாசனம் எழுதலாம். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நம்பத்தகுந்தோரிடம் ஆதனத்தை ஒப்படைத்து, அதன் வருவாய் பிள்ளையின் வாழ்வுக்கே செலவாக ஏற்பாடு செய்யலாம். நல்ல சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனை இதற்கு அவசியம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லுதல் தகும். பாதுகாவலர் எசமானர் அல்லர். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. சட்டத்தின் முன் அவர்களும் பிறரோடு சமம் என்றும், அவர்களுடைய விருப்பம் மதிக்கப்படல் வேண்டும் என்றும் அது கூறுகின்றது. வங்கிக் கணக்கு விளங்காத ஒருவனுக்கு, எங்கே வாழ்வது, எதை உண்பது, யாரோடு பழகுவது என்பன நன்கு விளங்கலாம். அவனால் இயன்றதை அவனே தீர்மானிக்கட்டும்; இயலாததற்கு மாத்திரம் நாம் கைகொடுப்போம். கருவி கரணங்கள் குறைபடலாம். ஆன்மாவுக்குக் குறைவில்லை என்பதன்றோ நம் சைவம் காட்டும் நெறி!

இளைஞர்களே! பெற்றோருக்குப் பின் அப்பொறுப்பு வந்து சேருவது உடன்பிறந்தோராகிய உங்கள் தோளிலேதான். அண்ணன் எதை விரும்புவான், எதற்கு அஞ்சுவான், எந்த மருந்தை எப்போது உண்பான் என்பவற்றை இன்றே அம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். அத்தகைய உடன்பிறப்பு இல்லாத வீடுகளும் நம் ஊரில் உண்டு. அவ்வீட்டாரைச் சட்டத்தரணியிடம் அழைத்துச் செல்லவும், பிரதேச செயலகத்துக்குத் துணையாகப் போகவும் நமது சங்கத்தார் முன்வருதல் வேண்டும். திருவிழாவிலே தண்ணீர்ப்பந்தல் வைக்கும் கைகளுக்கு இது பெரிய பாரமன்று.

“எமக்குப் பின் யார்?” என்று கேட்கும் தாய்க்கு, “நாங்கள் இருக்கிறோம்” என்று சொல்லும் ஊராக நம் ஊர் விளங்க இறைவன் திருவருள் புரிவானாக.