எந்தக் காலத்துக் கார் வேகம்?



காலையிலிருந்து ஒரு பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கிறது: "எங்க காலத்துப் படிப்பு மாதிரி வருமா?" மெக்கானிக்கல் படித்தவன் நான், பந்தயக் கார் கணக்கிலேயே பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

1971-இல் இத்தாலியின் மோன்சாவில் ஃபார்முலா ஒன் பந்தயம். பீட்டர் கெதின் 0.01 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். சராசரி வேகம் மணிக்கு 242 கி.மீ. அதை முறியடிக்க 32 வருஷம் ஆச்சு. 2003-இல் ஷூமாக்கர் அதே மோன்சாவில் 247 கி.மீ. வேகத்தில் ஜெயித்தார்.

அப்படின்னா நடுவில் வந்த கார்களெல்லாம் மட்டமா? இல்லீங்க. எஞ்சின், டயர், பிரேக் எல்லாமே முன்னேறித்தான் இருந்தன. மாறியது பாதை. 1970-இல் யோகன் ரின்ட் மோன்சாவில் விபத்தில் இறந்தார். வேகத்தை அடக்க 1972-இல் அங்கே நேர்ப்பாதையில் வளைவுகளைப் புகுத்தினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் போட்டு, மறுபடி வேகமெடுக்கணும். அத்தனை தடையோடும் 2025-இல் வெர்ஸ்டாப்பன் சராசரி 250-ஐத் தாண்டினார்.

ஆகவே, மீட்டரை மட்டும் பார்த்தால் போதாது, பாதையையும் பார்க்கணும். நண்பர்களே, நமக்கு இல்லாத வளைவுகள் இந்தப் பிள்ளைகளுக்கு உண்டு. தம்பி தங்கைகளே, எங்களோடு கிளம்பி, கைகொடுக்க ஆளில்லாமல் பாதியில் நின்றுபோனவர்கள் இன்று இந்த மண்டபத்தில் இல்லை. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.