வீட்டில் ஆள் இருக்கும் நேரம்

ஆம்பூர்ப் பெரியவர்களே, கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்திருக்கும் அம்மாக்களே, தங்கைகளே!

குடும்பங்களுக்காக உழைக்கும் நம் அமைப்பின் அடுத்த மூன்றாண்டுத் திட்டம் பற்றிப் பேசச் சொன்னார்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டிலிருந்து தொடங்குகிறேன். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் கூலி. மூத்த பெண் ஷூ கம்பெனியில். பாட்டி பீடி சுற்றுகிறாள். அம்மா வாசலில் உட்கார்ந்து, ஊசியும் நூலுமாக ஷூவின் மேல்பாகம் தைக்கிறாள். ஜோடிக்கு இவ்வளவு என்று ஏஜென்ட் தருவதுதான் கூலி. இ.எஸ்.ஐ. கிடையாது, பி.எஃப். கிடையாது. தைத்த ஷூ எந்த நாட்டுக் கடைக்குப் போகிறது என்று அவளுக்குத் தெரியாது.

இந்த வீட்டுக்கு நம் ஆட்கள் மூன்று பேர் போகிறார்கள். படிப்புக்கு ஒருவர், உடம்புக்கு ஒருவர், குழுக் கடனுக்கு ஒருவர். மூன்று பேர் கையிலும் மூன்று நோட்டு. பையன் பள்ளிக்கூடம் நின்றுவிட்டான் என்று ஒரு நோட்டில் இருக்கிறது. தவணை பாக்கி என்று இன்னொன்றில் இருக்கிறது. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது என்பது எதிலும் இல்லை. கண் மங்கியதால் ஜோடி குறைந்தது, ஜோடி குறைந்ததால் கூலி குறைந்தது, கூலி குறைந்ததால் தவணை நின்றது, பையன் வேலைக்குப் போனான். ஒரு கண்ணாடியில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் ஐயா இது! நாம் மூன்று நோட்டு எழுதிக்கொண்டிருந்தோம். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

இதற்கு வழி காட்டியவர்கள் தூர தேசத்தில் இல்லை. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். ஆஸ்பத்திரி வளர்ந்தது. ஆனாலும் அவர் குடியாத்தம் சாலையில் புறப்பட்டுப் போனார். குறித்த நாளில் மரத்தடியில் ஜனம் காத்திருக்கும், அந்த நாளில் அவர் வண்டி வந்து நிற்கும். 1909-ல் மோட்டார் கார் வந்ததும் அந்தப் பயணம் இன்னும் அதிக ஊர்களைத் தொட்டது.

அவர் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரிதான் சி.எம்.சி. அதே சி.எம்.சி. 1977-ல் கே.வி.குப்பத்தில் ரூசா என்ற கிராம சுகாதார, சமூகப் பணிப் பிரிவைத் தொடங்கியது. அங்கே எடுத்த முடிவைக் கவனியுங்கள். வேலை செய்யும் எல்லையை முதலில் வரைந்தார்கள்: ஒரு ஒன்றியம், அதிலுள்ள ஊர்கள். மருந்தோடு கறவை மாடு, விவசாயம், தொழிற்பயிற்சி, முதியோர் கல்வி எல்லாவற்றையும் சேர்த்தார்கள். வருமானம் இல்லாத வீட்டில் மருந்துச்சீட்டு மட்டும் என்ன செய்யும்? அந்தந்த ஊர்ப் பெண்களையே பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று தெரிந்தவளுக்குத்தான் அந்த வீட்டில் என்ன நோய் என்றும் தெரியும்.

ஆகவே நான் கேட்பது இது. நமக்கும் ஒரு எல்லை வேண்டும். பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று எல்லா இடத்திலும் கால் வைத்துக்கொண்டு எந்தத் தெருவையும் முழுதாக அறியாமல் இருக்கிறோம். முதல் ஆண்டு ஆம்பூரில் நாலு தெரு போதும். வீட்டுக்கு ஒரு நோட்டு, வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர். காலை பதினோரு மணிக் கூட்டத்தை இன்றோடு நிறுத்துவோம். அந்த நேரத்தில் யார் வருவார்? கம்பெனிக்குப் போனவள் வரமாட்டாள், வீட்டில் தைப்பவள் ஊசியைக் கீழே வைத்தால் கூலி போகும். ராத்திரி எட்டு மணிக்கும் ஞாயிற்றுக்கிழமையும் போவோம். கூலி போகும் வழி இன்னொன்றும் உண்டு: 2019-ல் வேலூர் மாவட்டம் பிரிந்தபின் நமக்குக் கலெக்டர் ஆபீஸ் திருப்பத்தூர், பெரிய ஆஸ்பத்திரி வேலூர். ஒரு சான்றிதழுக்கு ஒருநாள் கூலி போகிறது. நாலு வீட்டு விண்ணப்பத்தை நம் ஆள் ஒருவரே கொண்டுபோனால் நாலு நாள் கூலி மிஞ்சும்.

பணம் தருபவர்கள், எத்தனை பேருக்குப் பயிற்சி என்று கேட்பார்கள். அதற்குக் கணக்குக் காட்டுவோம். அதோடு, எத்தனை வீட்டில் பிள்ளை பள்ளிக்குத் திரும்பினான், எத்தனை வீட்டில் கந்துவட்டி நின்றது என்பதையும் எழுதி முதல் பக்கத்தில் வைப்போம்.

மூன்று ஆண்டில் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவுக்கு எதிராக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996-ல் தீர்ப்பு வந்தது: மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும். அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் பேச வேண்டியிருந்தது. இத்தனை ஆண்டுக் கோப்புகளை யாரோ பத்திரமாகக் கட்டி வைத்திருக்க வேண்டும். நம் வீட்டு நோட்டுகளும் ஆள் மாறினாலும் அப்படி இருக்க வேண்டும்.

வருகிற ஞாயிறு மாலை நாலு மணிக்கு இதே மண்டபத்தில் தெருக்களைத் தேர்ந்தெடுக்கிறோம். வீட்டில் தைக்கிற அம்மாக்கள் பத்துப் பேராவது அந்த மேசையில் உட்கார வேண்டும். அன்றைய ஜோடிக் கூலியை நாங்கள் தருகிறோம். வாருங்கள் அம்மா.